அத்தியாயம் 7: கீழே குளிர்ச்சி, மேலே அடுப்பு

இரவு பத்து மணி. பினாங்கில் டத்தோ கிராமாட் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு லோரோங்கில் பழைய இரட்டை மாடி வரிசை வீடு. கூடத்துத் தரையில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்கால் குளிர்கிறது. படியேறிப் பாதி வழி போனதுமே காதோரம் வியர்வை.

"கீழே பாரு தம்பி, காத்தாடிகூட வேண்டாம். மேலே ஏறுனா இட்லிச் சட்டிக்குள்ள போற மாதிரி இருக்கு. ஏர்கோன் போட்டு ஆறு மாசம்தான் ஆகுது. ஒண்ணரை குதிரைசக்திய எடுத்துட்டு ரெண்டு போட்டுட்டா சரியாயிடும்ல?" என்றார் வீட்டுக்கார அக்கா.

நான் பதில் சொல்லவில்லை. நாற்காலி கேட்டு வாங்கி, அதன்மேல் ஏறி, மேல்கூரைப் பலகையில் உள்ளங்கையை வைத்தேன். சூரியன் மறைந்து இரண்டரை மணி நேரம் ஆகியும், இறக்கிவைத்த தோசைக்கல்லைப் போலப் பலகை இளஞ்சூடாக இருந்தது. அக்காவையும் ஏறித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கையை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அதற்குமேல் குதிரைசக்திப் பேச்சு எழவில்லை.

குளிர் நாடுகளில் தரைக்கு அடியில் குழாய் பதித்து, வெந்நீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குகிறார்கள். தரையைச் சூடாக்கும் வழக்கம் கொரியர்களிடம் பல நூற்றாண்டுகளாக உண்டு. அங்கே அடுப்புப் புகையைத் தரைக்கல்லின் அடியில் செலுத்திய பழைய முறைக்கு 'ஒண்டோல்' என்று பெயர். சூடான பரப்பிலிருந்து வெப்பம் கதிராகக் கிளம்பி நேரே உடம்பில் படுவதுதான் இதன் அடிப்படை. நடுவே இருக்கும் காற்று பெரிதாகச் சூடாக வேண்டியதில்லை. நம் ஊரிலும் அதே ஏற்பாடு உண்டு, காசில்லாமல், யாரும் கேட்காமல். அங்கே தரையிலிருந்து எழுகிறது, இங்கே கூரையிலிருந்து இறங்குகிறது.

இதைப் புரிந்துகொண்டால்தான் மீதி விளங்கும். நமக்கு எவ்வளவு புழுக்கம் என்பதைக் காற்றின் சூடு மட்டும் முடிவு செய்வதில்லை. சுற்றியுள்ள சுவர், கூரை, தரை ஆகியவற்றின் சூட்டையும் உடம்பு ஏறக்குறைய சரிபாதி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஏர்கோன் திரையில் 24 என்று காட்டியும் கட்டிலில் படுத்தவருக்கு நெற்றி காய்கிறது. பொய் சொல்வது இயந்திரம் அல்ல. அது அளப்பது காற்றை, நெற்றி அளப்பது கூரையை.

எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு

பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரிக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கமாகவும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாகவும் சாய்ந்து போகும். தென்வெயிலுக்கு மட்டும் அஞ்சினால் போதாது. ஜூன் மாதத்தில் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும்.

கடிகாரமும் நம்மை ஏமாற்றும். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்கியது. பினாங்கோ தீபகற்பத்தின் மேற்கு ஓரம். ஆகவே இங்கே உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, ஏறத்தாழ ஒன்றேகால் தாண்டித்தான் வருகிறது. மாலை ஐந்து என்பது சூரியனுக்கு இன்னும் நாலுகூட ஆகாத நேரம். ஏழு மணிவரை மேற்குச் சுவரில் வெயில் தட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

டத்தோ கிராமாட் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. சாலையைப் பார்த்த வீடுகளுக்கு முகமும் முதுகும் வடக்கு, தெற்கு. இவற்றுக்குச் சுவரால் தொல்லை குறைவு, கூரையால்தான் அதிகம். குறுக்கே பிரியும் லோரோங்குகளில் வீடுகள் கிழக்கையோ மேற்கையோ பார்க்கும். அவற்றில் ஒரு அறை காலையிலும் மற்றது மாலையிலும் காயும். வரிசையின் கடைசி வீடானால் மூன்றாவது சுவரும் வெளியே தெரியும். உங்கள் வீடு எந்த வகை என்று முதலில் பாருங்கள். கைப்பேசியில் திசைகாட்டி இருக்கிறது.

அளந்து பார்ப்பது

துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி இரும்புக்கடைகளில் கிடைக்கும், விலை அதிகமில்லை. கோவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அது இதற்கு உதவாது. உடம்புச் சூட்டு எல்லைக்கு வெளியே அது எண் காட்டாது. பொருள்களை அளப்பதற்கென விற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பளபளக்கும் தகரத்தையும் அலுமினியத்தையும் அது தவறாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி, டேப்பின்மேல் அளக்க வேண்டும்.

காலை எட்டு, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என நான்கு வேளை, வெயில் அடித்த ஒரு நாளில் அளந்தால் போதும். ஒவ்வொரு அறையிலும் மேல்கூரை, நான்கு சுவர்கள், தரை ஆகியவற்றை அளந்து ஒரு தாளில் குறியுங்கள். காற்றுக்குச் சாதாரண வெப்பமானி ஒன்றைக் கட்டில் உயரத்தில் தொங்கவிடுங்கள். வானிலைத் துறை சொல்லும் எண்ணோடு இதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அவர்கள் நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் அளக்கிறார்கள். 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸின் சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரியும் அப்படி நிழலில் எடுத்ததுதான். வெயில் படும் கூரை ஓடு இங்கே சாதாரண நாளிலேயே 60 டிகிரியைத் தொட்டுவிடும்.

தாளை வைத்துக்கொண்டு எண்களைப் படிப்பது எளிது. பிற்பகல் இரண்டு மணிக்கே மேல்கூரை காற்றைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருந்தால் தகரமோ ஓடோ நேராக வெப்பத்தை இறக்குகிறது என்று பொருள். இரண்டு மணிக்குச் சாதாரணமாக இருந்து ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் ஏறினால், சூட்டைச் சேர்த்துவைத்துத் தாமதமாக வெளியிடும் கான்கிரீட் அல்லது செங்கல் மேல் சந்தேகப்படுங்கள். நாலரை அங்குலச் செங்கற்சுவரைக் கடந்து வெப்பம் உள்ளே வர மூன்று மணி நேரம் போல ஆகும். ஒன்பது அங்குலச் சுவரானால் அது இரட்டிப்பாகும். டத்தோ கிராமாட்டுக்கு அடுத்த குர்துவாரா சாலைக்குப் பழைய பெயர் செங்கற்சூளைச் சாலை. அந்தப் பெயரை நினைக்கும்போதெல்லாம், சூளை அணைந்த பிறகும் இரவெல்லாம் அனல் விடும் கல்தான் என் கண்முன் வரும். எல்லாப் பரப்பும் ஒரே அளவில் இருந்து காற்று மட்டும் சூடாக இருந்தால் குற்றம் காற்றோட்டத்தில்.

கீழ்த்தளம் ஏன் குளிர்கிறது என்பதும் இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அதற்கு மேலே இன்னொரு மாடி குடையாக நிற்கிறது. கீழே உள்ள மண் ஆண்டு முழுவதும் 27, 28 டிகிரி அளவிலேயே கிடக்கிறது, இருபுறமும் பக்கத்து வீட்டின் நிழல். அக்கா வீட்டில் அன்றிரவு கூடத்துத் தரை 28, மாடி மேல்கூரை 37. ஒரே வீட்டுக்குள் ஒன்பது டிகிரி.

கூரை: செலவழிக்கத் தகுந்த இடம்

நடுவரிசை வீட்டில் வெயில் படும் மிகப் பெரிய பரப்பு கூரைதான், சுவரெல்லாம் பிறகு. ஆகவே கையில் உள்ள காசு ஒரே வேலைக்குத்தான் போதுமென்றால் இங்கே போடுங்கள்.

ஓட்டுக்கூரைக்கும் மேல்கூரைப் பலகைக்கும் நடுவே இருட்டாக ஒரு வெளி இருக்கும். காலை ஏழு மணிக்கு, அதற்குப் பின் அல்ல, அதன் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டின் அடிப்பக்கம் நேராகத் தெரிந்தால் அலுமினியத் தாள் போடப்படவில்லை. பளபளப்பான தாள் தன்மேல் படும் வெப்பக்கதிரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பிவிடும். ஆனால் பளபளக்கும் முகத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். எதன்மேலாவது ஒட்டிக் கிடந்தால் அது வெறும் உலோகத் தாள், வெப்பத்தைக் கடத்தத்தான் செய்யும். இரண்டாவது, தூசி. மேல்நோக்கிப் பளபளக்கும் தாளின்மேல் சில ஆண்டுகளில் புழுதி படிந்துவிடும். கீழ்நோக்கி இருந்தாலும் வேலை அதேதான், தூசியும் படியாது. ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் தாளானால் அந்தப் பக்கம் கீழே பார்க்கட்டும். வேலைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் பாஸ்" என்பார். இல்லை.

ஓடு மாற்றும் திட்டம் இல்லாவிட்டால் பலகையின்மேல் கண்ணாடிப் பஞ்சு அல்லது பாறைப் பஞ்சு விரிக்கலாம். இடைவெளி விடாமல், அழுத்தாமல் விரிக்க வேண்டும். அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று போய்விடும், தடுப்பதே அந்தக் காற்றுதான். மேல்கூரையில் பதித்த விளக்குகளை மூடாதீர்கள். பழைய வயர்கள் கிடந்தால் முதலில் உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்க்கட்டும். வீடு மிகப் பழையதாகி, பலகையோ கூரைத் தகடோ சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். துளை போடவோ உடைக்கவோ வேண்டாம், ஆளை வைத்துச் சோதியுங்கள்.

பின்பக்கச் சமையலறையைத் தட்டையான கான்கிரீட் போட்டு நீட்டியிருந்தால் பாடு வேறு. தமிழ்நாட்டு மொட்டை மாடியில் தட்டோடு பதித்துச் சுண்ணாம்பு அடிப்பார்களே, அதன் நியாயம்தான் இங்கும். கறுத்துப்போன கான்கிரீட் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கும், வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பும். ஆனால் பினாங்கு மழையில் வெள்ளை வெள்ளையாகவே நிற்காது. பாசி பிடித்துக் கறுக்கும்போது கழுவிவிட வேண்டும். மறந்தால் பூச்சுக்குக் கொடுத்த காசு பாசிக்குப் போனது.

காற்று போகிற வழி

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைக் கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். நீண்டு குறுகிய வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம், அறைத் தடுப்புகளின் உச்சியில் மரச்சட்டம், சன்னல்களில் சாய்பலகை, முன்னே அஞ்சடி நடைபாதையில் தொங்கும் மூங்கில் தட்டி. சூடான காற்று முற்றத்து வழியாக மேலே போக, தெருவிலிருந்து புதுக்காற்று தானாக உள்ளே வரும். பிறகு வந்தவர்கள் மழைச்சாரலுக்காகவும் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகவும் முற்றத்தின்மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடினார்கள். காற்றுப்போக்கி அத்தோடு வெயில் பெட்டியானது. வெளிச்சம் உள்ளே வரும், வெப்பம் வெளியே போகாது.

வரிசை வீடுகளில் இதே பிழை பின்பக்கத்தில் நடக்கிறது. கொல்லையை இழுத்துக் கட்டி மூடியதும் நடு அறைச் சன்னல் சமையலறைக்குள் திறக்கிறது. மீன் பொரிக்கிற வாடையும் அடுப்புச் சூடும் படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறுகின்றன. மூடியதை இடிக்கச் சொல்லமாட்டேன். தகட்டை ஓர் அடி உயர்த்தி நான்கு பக்கமும் திறந்துவிட்டால் மழையும் வராது, சூடும் தங்காது. கட்டமைப்பை மாற்றும் வேலையென்றால் பினாங்கு மாநகர் மன்றத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காசில்லாத வழி ஒன்று. இரவு எட்டு மணிக்கு வெளிக்காற்று உள்ளிருப்பதைவிடக் குளிர்ந்துவிடும். மாடிச் சன்னலில் மேசைக் காற்றாடியை வெளியே பார்த்தபடி வைத்து, எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்து, ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பலரும் காற்றாடியை உள்ளே பார்த்து வைத்துச் சூட்டைக் கலக்கிக்கொண்டிருக்கிறார்கள். விட்டத்துக் காற்றாடியும் காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையைத்தான் உலர்த்துகிறது. ஆளில்லாத அறையில் அது ஓடுவது வீண்.

மதுரையிலிருந்து வந்த உறவினர் தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் வாங்கச் சொல்வார். வாங்க வேண்டாம். மதுரைக் கோடையின் உலர்ந்த காற்றில் அது நன்றாக வேலை செய்யும். ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைச் சுற்றி நிற்கும் பினாங்கில் அதில் ஊற்றுகிற தண்ணீர் சரிவர ஆவியாகாது, மெத்தைதான் நமுக்கும்.

மேற்குச் சுவர், மேற்குச் சன்னல்

நிழலை வெளியே போடுங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலை உள்திரை பிடித்துவைத்து அறைக்கே கொடுக்கும். வெளியே தொங்கும் மூங்கில் தட்டி அதை வாசலிலேயே நிறுத்திவிடும். சுவருக்கு வெளிர் நிறப் பூச்சு, கட்டிலை அந்தச் சுவரிலிருந்து நகர்த்துவது, இவ்வளவுதான்.

பிறகே ஏர்கோன்

இவ்வளவும் பார்த்த பிறகும் அறை குளிராவிட்டால் இயந்திரத்திடம் வாருங்கள். முதலில் பில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பாதிப் புகார்கள் அந்த வாளித் தண்ணீரோடு போய்விடும் என்பது என் அனுபவம். அடுத்து, இயந்திரத்தை முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு, மேலே உள்ளிழுக்கும் காற்றையும் கீழே வீசும் காற்றையும் அளங்கள். எட்டு முதல் பதினோரு டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரத்தில் குறையில்லை, வெப்பம் வேறு வழியாக வருகிறது. வித்தியாசம் மூன்று நான்குதான் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

வருகிறவர் "கேஸ் குறைஞ்சிடுச்சு, ஏத்தணும்" என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க ஒழுகுது?" அந்த வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் ஏற்றினால் சில மாதத்தில் அதே ஆள், அதே பில். ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே, அதையும் சர்வீஸில் ஒரு பகுதி என்று நம்பியிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அளவு பற்றி. கடைக்காரர்கள் சதுர அடிக்கு 60 அல்லது 65 பிடியூ குளிர்த்திறன் என்று மனக்கணக்கு போடுவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 65 வீதம் 7,800 பிடியூ, ஆகவே 9,000 பிடியூ தரும் ஒரு குதிரைசக்தி போதும். கீழ் அறைக்கு இது சரி. அதே அளவுள்ள மாடி அறைக்கு, கூரை தோசைக்கல்லாக இருக்கையில், இந்தக் கணக்கு தோற்கும். அதற்காகப் பெரிய இயந்திரம் வாங்கினால் இன்னொரு தொல்லை முளைக்கும். வேகம் மாறாத பழைய வகையானால் காற்றை மளமளவென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே இருக்காது. கூரையோ இன்னும் காய்ந்துகொண்டிருக்கும். குளிரும் புழுக்கமும் ஒன்றாக இருக்கும் அந்த விசித்திர அறையில் படுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

இயந்திரத்தின் எதிரே அலமாரி இருந்தால் குளிர்காற்று அதில் முட்டி உடனே திரும்பி உள்ளிழுக்கப்படும். அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்து இயந்திரம் ஓய்ந்துவிடும். வெளியே உள்ள பெட்டிக்கும் மூச்சு வேண்டும். மூடிய முற்றத்துக்குள்ளோ, கம்பிவலையும் துணிக்கொடியும் நெருக்கும் பின்சந்திலோ மாட்டினால் தான் விட்ட சூட்டையே திரும்ப விழுங்கும்.

வாடகைக்கு இருப்பவர்கள் கூரையைத் தொட முடியாது. மூங்கில் தட்டி, காற்றாடியைத் திருப்பி வைப்பது, கட்டிலை நகர்த்துவது, பில்டர் கழுவுவது, இந்த நான்கும் உங்கள் கையில். அளந்த தாளை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். வெறும் புகாரைவிட எண்கள் போட்ட தாளுக்கு மரியாதை கூடுதல்.

அக்கா வீட்டில் இரண்டு நாள் வேலை நடந்தது. பலகைமேல் பாறைப் பஞ்சு விரித்து, பின்கொல்லைத் தகட்டை உயர்த்தினோம். ஏர்கோன் அதே ஒன்றரைதான். அடுத்த வாரம் இரவு பத்து மணிக்கு மேல்கூரை 31 காட்டியது. முன் அறை அடங்கிவிட்டது. பின் அறை மட்டும் இரண்டு டிகிரி அதிகமாகவே நின்றது. கூரை, சுவர், தரை எல்லாம் சரியாக இருந்தும் காற்று மட்டும் சூடு. சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பின்சந்தின் எதிர்ப்பக்க வீட்டு ஏர்கோன் பெட்டி, கையெட்டும் தூரத்தில், நேராக நம் சன்னலுக்குள் ஊதிக்கொண்டிருந்தது.

"அவங்ககிட்ட எப்படிச் சொல்றது தம்பி? இருபது வருஷப் பழக்கம்" என்றார் அக்கா. பெட்டியின் முன்னால் மாட்டும் காற்றுத்தடுப்புத் தகடு ஒன்று கடையில் கிடைக்கும், ஊதும் காற்றை மேலே திருப்பிவிடும். அதன் விலையை நாம் கொடுப்பதாகச் சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள் என்றேன். மறுநாள் ஒரு டப்பா முறுக்கோடு அவர் பின்வாசல் வழியாகப் போனார்.

தகடு மாட்டியதும் மறுபடி அளக்க வேண்டும், வெயில் அடித்த நாளாகப் பார்த்து, அதே பத்து மணிக்கு.